நகர்த்தாமல் விட்ட ஒரு கட்டம்

1

இங்கே நான் செய்கிற வேலையை ஊரில் யாருக்கும் விளங்கும்படி சொல்ல முடிந்ததில்லை. அறந்தாங்கியிலிருந்து அண்ணன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன ஆபீஸ் வேலை என்று அவரும் கேட்டதில்லை. இந்த முறை கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன். அந்த வேலையைச் சொல்லாமல், இந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல முடியாது.

நான் வரைபடத்தில் இருப்பவற்றை நகர்த்துகிறேன். ஒரு காலத்தில் காகிதத்தில் வரைந்த படங்களைப் பார்த்து யாரோ கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். வாய்க்கால், வேலி, விளக்குக் கம்பம், நடைபாதை எல்லாம் அதில் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருக்கும். ஆனால் நிலத்தில் இருக்கிற இடத்தில் இருக்காது. கொஞ்சம் தள்ளியிருக்கும். ஆகாயத்திலிருந்து எடுத்த புதிய புகைப்படத்தை அடியில் விரித்தால்தான் தெரியும். வாய்க்கால் நடுச்சாலையில் ஓடும். விளக்குக் கம்பம் யாருடைய சமையலறையிலோ நிற்கும். அவற்றைப் பிடித்து இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். வளைய வேண்டிய கோடு நேராக இருந்தால், அதன்மேல் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியை இழுத்தால் கோடு வளைந்துகொடுக்கும். நாள் முழுக்க இதுதான்.

அலுவலகம் லிட்டில் இந்தியாவில், பூக்கடைகள் இருக்கும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. நாலு மேசை போட்டால் நடக்க இடமில்லாத அறை. முதலாளி ஹமீது பாய். அவருடைய தகப்பனார் காலத்திலேயே இங்கே வந்து ஊன்றிய குடும்பம். நில அளவை ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறார். முன்பு நான் அவருக்குக் குழி வெட்டினேன். நிலத்தடியில் கேபிள் எங்கே போகிறது என்று தோண்டிப் பார்க்கிற வேலை. ஒருநாள் குழியின் ஓரம் சரிந்து முழங்கால் போயிற்று. ஆறு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு போய் நின்றபோது, பாய் என்னைக் கணினி முன்னால் உட்கார வைத்தார். "தோண்டுன கைதானே, இழுக்கத் தெரியாதா?" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

திரையில் எல்லாம் ஆங்கிலம். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் படங்களை வைத்துப் பழகிக்கொண்டேன். நாலு பக்கமும் அம்பு நீட்டியிருந்தால் நகர்த்துவது. கோட்டின்மேல் சின்னச் சதுரங்கள் இருந்தால் வடிவத்தை மாற்றுவது. ஒருமுறை முழங்கால் காட்டப் போன இடத்தில் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். வீடுகளை நகர்த்துகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வீடு மாற்றும் லாரியில் வேலை என்று நினைத்துக்கொண்டு, இனிமேல் அலமாரி தூக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார். திருத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

2

எங்கள் மூத்த பிள்ளை கதிர் சுவா சூ காங் இடுகாட்டில் இருக்கிறான். எட்டு மாதத்தில் போனவன்.

இந்தத் தீவில் நிலம் இறந்தவர்களுக்கும் நிரந்தரம் இல்லை. புதைத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனால் எடுத்துவிடுவார்கள். எரிக்கிற வழக்கம் உள்ளவர்களுடைய எலும்புகளை எரித்துச் சாம்பலைக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். குடும்பம் வராவிட்டால் அவர்களே எடுத்து, எரித்து, கடலில் கரைத்துவிடுவார்கள். இதில் யார்மேலும் குறை சொல்ல முடியாது. முதல் நாளே சொல்லித்தான் புதைக்க விட்டார்கள்.

மழை ஓய்ந்த சமயத்தில் அந்த அறிவிப்பு வந்தது. வருகிறீர்களா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். உட்லண்ட்ஸ் வீட்டின் கூடத்தில் என் மனைவி செல்வி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் பிறருடைய துணியை மடித்துவிட்டு வந்து வீட்டிலும் மடிப்பாள்.

"எடுக்கப் போறாங்களாம் செல்வி. நாம போகணும்" என்றேன்.

"நீங்க போங்க. நான் வரல."

ரெண்டு பேரும் போனால்தான் நல்லது என்றேன். அவள் சட்டையின் கையை உள்ளே மடித்து நீவினாள்.

"எட்டு மாசம் தூக்கி வச்சிருந்தேன். அப்படியேதான் இருக்கான் எனக்கு. இப்பப் போயி எலும்பாப் பாக்கச் சொல்றீங்களா?"

அவள் வராமல் நான் மட்டும் போய் எடுத்துவந்தால், அதன்பிறகு எங்களுக்குள் அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு எப்படி இருக்கும் என்று மட்டும் பயமாக இருந்தது. இருவருமே போகாமல் விட்டால், யாரென்றே தெரியாத ஆட்களின் கையில் அவன் போவான்.

அண்ணனிடம் கேட்டேன். நம் பக்கத்தில் புதைத்த பிள்ளையைத் தோண்டுகிற பழக்கமே கிடையாது, அப்படியே விட்டுவிடு என்றார். அவர் சொன்னது சரிதான். எனக்குப் பின்னால் பிறந்த தங்கை ஒருத்தி பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா துண்டில் சுற்றி ஆற்றங்கரைப் பக்கம் எடுத்துக்கொண்டு போனார். குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பினார். இடத்தில் ஒரு கல்கூட வைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போனபோது எந்த இடம் என்று அப்பாவுக்கே தெரியவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. அதுதான் அங்கே வழக்கம். இடம் தெரியாமல் இருப்பதுதான் பெற்றவளுக்கு நல்லது என்று நினைத்தார்கள். இங்கேயோ என் பிள்ளைக்கு எண் போட்ட இடம் இருந்தது. எண் இருப்பதால்தான் தேதியும் வந்துவிடுகிறது.

அன்று சாப்பிடும்போது எங்கள் மகள் ஷாலினி, வயது பதின்மூன்று, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்துக் கேட்டாள்: "ப்பா, அவங்கள அண்ணன்னு சொல்றதா, தம்பின்னு சொல்றதா? ஹி வாஸ் ஜஸ்ட் எ பேபி, ரைட்?"

அவள் வீட்டிலும் ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறாள். தமிழ்ப் பரீட்சைக்கு மட்டும் மேடைப் பேச்சு மாதிரி ஒரு தமிழை எடுத்து வைத்திருக்கிறாள். அவளோடு நீளமாகப் பேசினால் நான் எங்கேயோ தடுக்கி நின்றுவிடுவேன். ஆனால் அன்று அவள் கேட்டது எனக்கு முழுதாகப் புரிந்தது. செல்வி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

3

செல்வி இங்கே பூன் லேயில் பிறந்து வளர்ந்தவள். நான் கட்டட வேலைக்கு வந்தவன். அவள் தேக்கா சந்தைக்குள் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறினாள். நான் தினமும் போய் மீன் குழம்புச் சாப்பாடு கேட்பேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் அவளே, "வேற எதுவும் வாங்க மாட்டீங்களா, இல்ல வேற பேரு தெரியாதா?" என்று கேட்டாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாளும் மீன் குழம்புதான் கேட்டேன்.

என்னைப் போன்ற வேலை அனுமதியில் வந்தவன் இங்கே பிறந்த பெண்ணைக் கட்ட வேண்டுமானால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். இதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். பெண் வீட்டில் சம்மதம், மாப்பிள்ளை வீட்டில் சம்மதம், பிறகு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் சம்மதம். எப்படிப் பழக்கம் என்று அவர் கேட்டார். 'மீன் குழம்பு' என்றேன். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அந்த அதிகாரி அதற்குமேல் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அனுமதி வருவதற்குப் பல மாதம் ஆயிற்று. வந்தது.

அப்படிச் சிரிக்கிற பெண் அவள். கதிர் பிறந்தபோது இதயத்தில் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள். பால் குடிக்கும்போதே களைத்துப்போவான். அறுவைக்கு உடம்பு தேற வேண்டும் என்று காத்திருந்தோம். தேறவில்லை. சின்னப் பிள்ளையை எரிக்கக் கூடாது என்று செல்வியின் வீட்டில் சொன்னார்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான். அதனால் புதைத்தோம். பதினைந்து ஆண்டுதான் இடம் என்று அன்று சொன்னவர் மெதுவாகத்தான் சொன்னார். பதினைந்து ஆண்டு என்பது அன்றைக்கு எங்களுக்கு ஒரு பொருளும் இல்லாத சொல். மறுநாள் எப்படி எழுந்திருப்பது என்றே தெரியாமல் இருந்தோம்.

முதலாம் ஆண்டு செல்வி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாள். இரண்டு பேருந்து மாறிப் போய், புல்லைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருப்பாள். ஷாலினி வயிற்றில் வந்ததும் அவள் அம்மா போகக் கூடாது என்று தடுத்தார். பிறந்த பிறகும் செல்வி போகவில்லை. நான் மட்டும் கதிரின் பிறந்த நாளில் போய் வருவேன்.

4

அறிவிப்பு வந்து, செல்வி வர மாட்டேன் என்று இருந்த அந்த நாட்களில்தான் அலுவலகத்தில் இடுகாட்டு வேலை வந்தது. எடுக்கப்போகும் பகுதியின் வரைபடத்தைச் சரிசெய்து தர வேண்டும். இது தற்செயல் என்று சொல்ல முடியாது. ஓர் இடத்தைக் காலி செய்வதற்கு முன்னால் அளந்து பார்ப்பார்கள். அளக்கிற கடைகள் இங்கே அதிகம் இல்லை.

கவிதாதான் பிரித்துக் கொடுப்பாள். பாலிடெக்னிக் படித்த பெண், செங்காங்கிலிருந்து வருகிறாள். நான் முடித்ததைச் சரிபார்ப்பதும் அவள்தான். படம் திறந்ததும் அந்த வளைந்த பாதையையும், அது முடிகிற இடத்தில் நிற்கும் மரத்தையும் பார்த்தேன். மேலிருந்து பார்த்தால் மரம் ஒரு பச்சை வட்டம்தான். இருந்தாலும் தெரிந்துவிட்டது. அந்த மரத்தடியில் எத்தனையோ முறை செருப்பைக் கழற்றியிருக்கிறேன்.

வேண்டாம், வேறு பகுதி கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்ல என்னால் ஆகாது. அதனால் வேலையைத் தொடங்கினேன்.

ஒவ்வொரு சமாதியும் ஒரு சிறு கட்டம். நாலு மூலை, ஓர் எண். பழைய படம் புகைப்படத்திலிருந்து ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தது. இப்படி இருந்தால் ஒவ்வொன்றாக இழுக்க மாட்டோம். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து ஒரே இழுப்பில் நகர்த்துவோம். பிறகு, அப்படியும் சரியாக உட்காராதவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம். ஒன்றாகப் பிடிப்பதற்குச் சுற்றிலும் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குள் இருப்பவையெல்லாம் நிறம் மாறும். எல்லாம் நிறம் மாறி நின்றபோது நான் ஒன்றை மட்டும் சொடுக்கி அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கினேன். கை தானாகச் செய்தது. மற்றவற்றை நகர்த்தினேன். பெரியவர்கள் வரிசை, பிள்ளைகள் வரிசை, எல்லாம் ஒரு சேர நகர்ந்து அவரவர் சிமெண்டு விளிம்பின்மேல் போய் உட்கார்ந்தன. அவன் கட்டம் மட்டும் பழைய இடத்தில், புல்லின்மேல் நின்றது.

அது தப்பான இடம் என்று எனக்குத் தெரியும். அவன் அந்தப் புல்லடியில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் அவனை நகர்த்துகிற முதல் கை என்னுடையதாக இருக்க வேண்டாம் என்று பட்டது. வேலையை முடித்ததாகக் குறித்து அனுப்பிவிட்டு, கீழே போய்த் தேநீர் வாங்கினேன். குடிக்கவில்லை.

5

மறுநாள் காலையிலேயே கவிதா பிடித்துவிட்டாள்.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் தனியா நிக்குது லா. மிஸ் பண்ணிட்டீங்க." நாற்காலியை உருட்டிக்கொண்டு என் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "நீங்க இப்படி விடவே மாட்டீங்களே. கண்ணாடி மாத்தணுமா?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சுட்டியைக் கையில் எடுத்து, தானே நகர்த்திவிடுவதாகச் சொன்னாள்.

"வேணாம்மா. அது என் பிள்ளை" என்றேன்.

நான் இவ்வளவு சுருக்கமாக அதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியாது. பின்மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஹமீது பாய் எழுந்து வந்தார். கவிதா எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, வேலை ஏதும் இல்லாமலே படியிறங்கிப் போனாள்.

பாய் திரையைப் பார்த்தார். வீட்டில் என்ன முடிவு என்று கேட்டார். செல்வி வர மாட்டேன் என்கிறாள் என்றும், அவள் இல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை என்றும் சொன்னேன். பேசாமல் விட்டுவிடலாமா என்றிருக்கிறது என்றேன்.

"எங்க வாப்பாவையும் எடுத்தாங்க, தங்கராசு" என்றார். "எங்களுக்கு எரிக்கிறது இல்ல. எடுத்து, இன்னும் சில பேரோட சேத்து வேற குழியில வப்பாங்க. நான் போகல. வேல இருக்குன்னுட்டேன். தம்பிதான் போனான். இப்ப நம்பர் இருக்கு, போறேன், நிக்கிறேன். அதுல எது வாப்பான்னு எனக்குத் தெரியாது. அங்க இருக்குற எல்லாருக்கும் சேத்து ஓதிட்டு வர்றேன்."

அவர் கையால் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நீ போய் நில்லு. பாக்க முடியலன்னா கண்ண மூடிக்க. ஆனா நில்லு."

அதன்பிறகு அவர் தன் மேசைக்குப் போய்விட்டார். நான் அந்தக் கட்டத்தைச் சொடுக்கினேன். நாலு அம்பு வந்தது. இழுத்தேன். எங்கள் மென்பொருளில், ஒரு மூலையைப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூலைக்கு அருகே கொண்டுபோனால், காந்தம் மாதிரி அதுவாகவே ஒட்டிக்கொள்ளும். வேலிகளும் சுவர்களும் இடைவெளி இல்லாமல் சேர்வதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அவன் கட்டம் பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அது ஒரு பெண் குழந்தை. அவன் பிறந்த நாளில் நான் போகும்போது அந்தக் குழந்தைக்கு யாரோ பொம்மை வைத்திருப்பார்கள். புகைப்படத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் அடிப் புல் தெரிந்தது. அதனால் பிரித்து எடுத்து, நாலு மூலையையும் தனித்தனியாக இழுத்து, வெள்ளை விளிம்பின்மேல் வைத்தேன். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிமெண்டு அந்த இடத்தில் உடைந்திருந்தது. உடைந்த மாதிரியே ஒரு புள்ளி வைத்து வளைத்தேன்.

வீட்டுக்குப் போய், செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வாப்பாவைப் பற்றி மட்டும் சொன்னேன். அவள் தண்டையும் இலையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். குடும்பம் வரும் என்று இடுகாட்டு அலுவலகத்துக்கு நான் தெரிவித்துவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒருவர் என்றேன்.

6

எடுப்பது விடியற்காலையில். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். நான் வெள்ளைத் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தபோது, செல்வி புடவை கட்டி, தலை வாரி, கூடத்தில் நின்றாள். பின்னால் ஷாலினி பள்ளிக்கூடத்து மேலாடையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நீங்க பாட்டுக்குக் கொண்டு வந்து இதுதான்னு காட்டினா, நான் எப்படி நம்புறது?" என்றாள் செல்வி. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அங்கே ஏற்கெனவே வேறு குடும்பங்கள் நின்றிருந்தன. வரிசை வரிசையாகக் கூடாரத் துணி கட்டியிருந்தார்கள். எங்கள் இடத்தில் தோண்டுவதற்கு இரண்டு ஆட்களும், மேற்பார்வைக்கு வயதான சீனர் ஒருவரும் இருந்தார்கள். ஒரு பெண் அதிகாரி எண்ணைச் சரிபார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் கற்பூரம் ஏற்றினேன். காற்றில் இரண்டு தரம் அணைந்தது. ஷாலினி குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். மூன்றாம் தரம் நின்றது.

முதலில் சிமெண்டு விளிம்பை உடைத்தார்கள். பிறகு தோண்டினார்கள். நானும் தோண்டினவன் என்பதால் மண்வெட்டியின் சத்தத்தை வைத்தே ஆழம் தெரிந்தது. ஓரிடம் வந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்கள். மெதுவாகத்தான் எடுத்தார்கள். வெகு நேரம் எடுத்தார்கள். பிறகு குழிக்குள் இருந்தவர் நிமிர்ந்து மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்தச் சீனர் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, தானும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"தானா சாஜா" என்றார் மலாயில், செல்வியைப் பார்த்து. மண் மட்டும்தான்.

அதிகாரி பக்கத்தில் வந்தார். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இப்படி ஆவது வழக்கம்தான் என்றார். எரிப்பதற்கு ஒன்றும் இல்லை, அதனால் அந்தச் சடங்கு வேண்டியதில்லை. விரும்பினால் கொஞ்சம் மண் எடுத்துக்கொள்ளலாம், கடலில் கரைக்கலாம். இல்லையென்றால் அப்படியே மூடிவிடுவார்கள். ஷாலினிதான் அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள். பாதிவரைதான் தமிழ். மீதியை ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

நான் கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றேன். பாய் சொன்ன மாதிரி நின்றேன். அடுத்து என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

செல்வி குழியின் ஓரத்துக்குப் போய் முட்டி போட்டாள். புடவையில் ஈர மண் ஏறியது.

"தல எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

தெற்குப் பக்கம் காட்டினேன். அன்று அவனைக் கையில் வாங்கிக் குழிக்குள் வைத்தவன் நான். அவள் அப்போது வீட்டில் மயங்கிக் கிடந்தாள். அந்தப் பக்கத்து மண்ணை எடுத்துத் தரச் சொன்னாள். குழிக்குள் இருந்தவர் இரண்டு கையிலும் ஏந்திக் கொடுத்தார். அங்கே மண் கொஞ்சம் கறுப்பாக இருந்தது. நான் துணியை விரித்தேன். அவள் அதை வைத்துவிட்டு, "கால்?" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பிடி எடுத்தாள். பிறகு நடுவிலிருந்து. முடிச்சுப் போட என்னிடம் கொடுக்கவில்லை. தானே போட்டாள். அவளுடைய அழுகையை நான் பதினைந்து ஆண்டுக்கு முன் பார்த்ததுதான். இந்த முறை சத்தமில்லாமல் அழுதாள். ஷாலினி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், பெரியவள் மாதிரி.

வாசலில் வேறு ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு ஒரு டாக்சி நின்றது. பின்னிருக்கையில் நானும் செல்வியும், முன்னால் ஷாலினி. செல்வி அந்தச் சின்ன மூட்டையை மடியில் படுக்க வைத்து, இடது முழங்கையால் ஒரு பக்கம் அணை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். பெல்ட் போடச் சொன்னார் ஓட்டுநர், இவரும் வயதான சீனர்தான். நான் அவளுக்குப் போட்டுவிட்டேன். பெல்ட் மூட்டையின்மேல் அழுந்தாதபடி அவள் அதை ஒரு கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நான் சாங்கிப் பக்கத்துக் கடல் என்றுதான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"என்னங்க, இடம் எதுவும் சொல்லாதீங்க" என்றாள் செல்வி. குனிந்த தலை நிமிரவில்லை. "இப்பத்தான் கையில வந்திருக்கான். கொஞ்ச நேரம் சும்மா ஓட்டச் சொல்லுங்க."

அதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. முன்னிருக்கையிலிருந்து ஷாலினி அவர் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், ஜஸ்ட் டிரைவ் ஃபர்ஸ்ட், கேன்?" முடியுமா என்பதற்கு இந்த ஊர் ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான்.

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். செல்வியின் மடியைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கேன்" என்றார். வண்டி கிளம்பியது.